சிரிப்புக்கு மதிப்பெண்

பால், கறுப்பு ரொட்டி, ஒரு கல்லறை மெழுகுவர்த்தி. மூன்றாவதைக் கையில் எடுத்தபோதுதான் கல்லாவிலிருந்த ஹில்க்காவுக்கு உறைத்தது. அதற்குள் உதடுகள் விரிந்து, பழக்கின வார்த்தைகள் வெளியே வந்துவிட்டன.

"வாங்க! இன்னிக்குப் பொழுது நல்லா போகுதா?"

எதிரே நின்ற ஆர்வோ, பின்லாந்தின் கோட்கா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பதினெட்டு வருஷமாக அவள் கல்லாவுக்கே வருகிறவர்.

"என் எய்லா போய்ச் சேந்து ஒம்பது நாள் ஆச்சு. என்னைப் பாத்தா உனக்குச் சிரிப்பா வருதா?"

கடையைப் புதிதாக வாங்கிய வெளிநாட்டு நிறுவனம், எல்லோரையும் பல் தெரியச் சிரித்து வரவேற்கச் சொல்லியிருந்தது. வாடிக்கையாளர்போல ஆள் அனுப்பி மதிப்பெண்ணும் போட்டது. ஹில்க்காவுக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைகள். மூன்றாவதில் வேலை போய்விடும்.

அவள் சிரிப்பை விட்டாள். "தெரியாது ஆர்வோ. மன்னிச்சிருங்க." பொருள்களைத் தானே அவர் பையில் அடுக்கிக் கொடுத்தாள். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். பின்னால் சூயிங்கம் மட்டும் வாங்க நின்ற பெண் செல்பேசியில் எதையோ குறித்துக்கொண்டாள்.

மறுநாள் மேலாளர் ஸன்னா கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டாள். "சிரிப்புக்குப் பூஜ்யம். இது மூணாவது எச்சரிக்கை, கையெழுத்துப் போடுங்க ஹில்க்கா."

"பொண்டாட்டியப் புதைச்சிட்டு வந்தவர் முன்னாடி இளிக்கணுமா?"

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லயே."

ஹில்க்கா பேனாவைத் தொடாமல் வெளியே வந்தாள். தொழிற்சங்கப் பிரதிநிதி கைஸு அடுத்த கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள். "போடாத. நேத்து ஒருத்தர் என் சிரிப்பைப் பாத்துட்டு, வேலை நேரத்துல குடிக்காதம்மான்னு சொல்லிட்டுப் போறார். இனிமே கல்லாவுல நாலு பேருமே சிரிக்கல. தூக்கறதுன்னா நாலு பேரையும் தூக்கட்டும்."

மூன்று நாள் நான்கு கல்லாக்களிலும் வெறும் வணக்கம்தான். வரிசை குறையவில்லை. நான்காம் நாள், விஷயம் கேள்விப்பட்ட ஆர்வோ ஒரு தாளை நீட்டினார். ஹில்க்காவை வேலையில் வைத்திருக்கச் சொல்லி அறுபத்திரண்டு கையெழுத்துகள்.

"எல்லாம் துறைமுகத்து ஆளுங்க. ஒருத்தன் ரெண்டு தடவை போட்டுட்டான், கண்டுக்காத."

ஹில்க்காவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஆர்வோவின் வாயோரமும் லேசாக அசைந்தது.

தாள் தலைமை அலுவலகத்துக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை ஸன்னா கல்லாவருகே வந்து குனிந்தாள். "உங்க எச்சரிக்கையெல்லாம் ரத்து. நாலு பேருக்கும் ஒண்ணும் இல்ல." கைஸு மேஜையை ஓங்கித் தட்டினாள்.

ஸன்னா அறைக்குத் திரும்பினாள். திரையில் தலைமை அலுவலகத்து முகங்கள் காத்திருந்தன. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து பல் தெரியச் சிரித்தாள். அவர்கள் பேசி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. திரை அணைந்த பிறகு, அத்தனை நேரமும் சிரித்து வலித்த கன்னங்களை இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.