ஆணிச் சத்தம்

ஹன்னுவின் பட்டறையில் ஐலா அரைமணி நேரமாக நின்றுகொண்டிருந்தாள். இடப்பக்கம் குளிர்காலத்துக்கென்று சின்னச் சின்ன இரும்பு முனைகள் பதித்த ஆணி டயர், வலப்பக்கம் ஆணியில்லாத டயர். அக்டோபர் கடைசி. காலையில் பாலங்கள் மேல் கண்ணாடி மாதிரி ஐஸ் படிய ஆரம்பித்திருந்தது. வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அவள். தினமும் நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவள் இதில் அசட்டையாக இருக்க முடியாது.

"வெறும் ஐஸ்னா ஆணிதான் கவ்வும். பனி மேல ரெண்டும் ஒண்ணுதான். ஆனா ஆணி போட்டா தார் ரோட்டுல கடகடன்னு காதைக் குடையும்" என்றான் ஹன்னு.

"காதா? எனக்கு மண்டையே பிளந்துரும். போன வருஷம் மாத்திரையிலதான் குளிர்காலத்தை ஓட்டினேன்."

"அப்போ இதை எடுத்துக்க. பூனை மாதிரி போகும். மெதுவா ஓட்டணும், அவ்வளவுதான்."

அவளைத் தடுத்தது வில்யோவின் நச்சரிப்பு. அவள் தினமும் போய்ப் பார்க்கும் முதியவர்களில் ஒருவர்; எண்பத்தொரு வயது, மரலாரி ஓட்டி ஓய்ந்தவர், ஆற்றோரம் தனியாக இருப்பவர். ஒரு மாதமாக அவள் வாசல்படி ஏறியதும் அதே பாட்டு. "ஆணி மாட்டிட்டியா? மாட்டலையா? அந்த மொட்டை டயரெல்லாம் ஹெல்சிங்கி சீமாட்டிங்களுக்கு. நமக்கு ஆணிதான்மா." கிழவருக்கு லாரிக்காலத்துப் பிடிவாதம் என்று ஐலா நினைத்தாள். ஓட்டப்போவது இவரா என்ற எரிச்சலும் இருந்தது. ஆணியில்லாததையே மாட்டச் சொன்னாள்.

மறுநாள் கார் சத்தமில்லாமல் பாலத்தைத் தாண்டி வில்யோவின் முற்றத்தில் போய் நின்றது. வழக்கமாக அவர் வாசலுக்கே வந்து கையை ஆட்டுவார். உள்ளே காபி கொதித்துக்கொண்டிருக்கும். கோடையிலும் அப்படித்தான், குளிரிலும் அப்படித்தான். கொஞ்ச நாளாக மட்டும் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. வயசாகிறது என்று விட்டுவிட்டாள். இன்று தட்டியும் பதில் இல்லை. தன்னிடமிருந்த சாவியால் திறந்தாள்.

சமையலறையில் காபித் தூள் தரையெல்லாம் சிந்திக் கிடந்தது. வில்யோ மண்டியிட்டு, உள்ளங்கையால் தரையைத் துழாவிக்கொண்டிருந்தார். டப்பா அவர் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"யாரது?" ஜன்னல் பக்கம் பார்த்துக் கேட்டார். ஐலா நல்ல வெளிச்சத்தில், அவர் எதிரே நின்றிருந்தாள்.

செப்டம்பரில் குளிர் புகாமலிருக்க ஜன்னல் இடுக்குகளில் பேப்பர் டேப் ஒட்டியவளே அவள்தான். அதன்பிறகுதான் அவர் வாசலுக்கு வருவது நின்றது. அதுவரை திறந்த ஜன்னல் வழியே கார்ச் சத்தத்தைக் கேட்டுத்தான் வந்திருக்கிறார். மூடிய இரட்டைக் கண்ணாடியைத் தாண்டிக் கேட்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: ஆணி டயரின் கடகடப்பு.

"நான்தான், பெரியவரே."

வில்யோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "மொட்டை டயரையே மாட்டிட்டியாக்கும்."

"எத்தனை நாளா கண்ணு தெரியல?"

"ஈஸ்டர்லேர்ந்து. வெளிச்சம், இருட்டு தெரியும். அவ்வளவுதான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வியாழக்கிழமை முனிசிபாலிட்டியிலேர்ந்து அந்த மெர்யா வர்றாளே, நான் தனியா இருக்கலாமா கூடாதான்னு எழுதுறதுக்கு. அவகிட்ட சொல்லிடாத, ஐலா. டவுன்ல அந்த முதியோர் விடுதியில ஒரு கட்டில்ல என்னைப் போட்டுருவாங்க. அங்க எந்தச் சத்தம் எதுன்னே எனக்குத் தெரியாது."

ஐலா துடைப்பத்தை எடுத்தாள். தூளைக் கூட்டி அள்ளினாள். மறைத்தால் அவள் வேலைக்குத் துரோகம். சொன்னால் இவருக்கு. மெர்யாவிடம் என்ன சொல்வதென்று தெரியாமலேதான் மறுபடி ஹன்னுவிடம் போனாள். இந்த மனிதர் இனி ஒருநாளும் "யாரது" என்று கேட்கக்கூடாது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"என்னம்மா, பூனை பிடிக்கலையா?" என்றான் ஹன்னு.

"நாய்தான் வேணும். குரைக்கிற நாய். மாட்டு."

வியாழக்கிழமை மெர்யாவைத் தன் காரிலேயே கூட்டிப்போனாள். வெறும் தார்ச்சாலையில் ஆணிகள் கடகடத்தன.

"இதை எப்படித் தாங்குறீங்க?" என்று மெர்யா கத்தினாள்.

"பழகிடும்" என்று ஐலாவும் கத்தினாள். தலை அப்போதே வலிக்க ஆரம்பித்திருந்தது.

வில்யோ வாசலில் நின்று கையை ஆட்டினார். சட்டையில் இஸ்திரி மடிப்பு. "வாங்க, ரெண்டு பேரும். ஷூவைக் கழட்டிட்டு உள்ள வாங்க, காபி ஆறிடும்." இரண்டு கார்க் கதவு சாத்தின சத்தம் போதும் அவருக்கு. ஏலக்காய் பன் தட்டில் இருந்தது. கோப்பை விளிம்புக்குள் ஒரு விரலை விட்டு, சூடு விரலைத் தொடும்வரை ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

மெர்யா காகிதத்தைப் பிரித்தாள். அடுப்பு? தானாக அணைவது. விழுந்ததுண்டா? இல்லை. "பார்வை?" என்று கேட்டு, நாற்காலி கிறீச்சிட ஐலாவைத் திரும்பிப் பார்த்தாள்.

ஐலா பன்னை இரண்டாகப் பிய்த்தாள்.

"பார்வை கிடையாது" என்றார் வில்யோ. "வெளிச்சம், இருட்டு மட்டும்தான் தெரியும். அவளைப் பார்க்காதீங்க, என்னைக் கேளுங்க. எனக்காகத் தலைவலியைக் காசு கொடுத்து மாட்டிட்டு வந்திருக்கா அந்தப் பொண்ணு. அவ வாயால பொய் வேற சொல்ல வைக்க மாட்டேன்."

மெர்யா பேனாவைக் கீழே வைத்தாள். "அப்புறம் எப்படி வாசல்ல நின்னீங்க?"

"பாலத்துலயே உங்க ஆணிச் சத்தம் கேட்டுடுச்சே."

மெர்யா தன் கோப்பையைப் பார்த்தாள். சரியாக விளிம்புக்கு ஒரு விரல் கீழே காபி நின்றது. பிறகு, "வசந்தம் வந்தா ஆணி டயரைக் கழட்டியாகணும். சட்டம். அப்போ என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

"அப்போ ஜன்னலைத் திறந்துருவேன்மா."

மெர்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண் டாக்டரிடம் கட்டாயம் காட்ட வேண்டும், தினம் ஒருமுறைக்குப் பதில் இரண்டுமுறை நர்ஸ் வர வேண்டும், விறகுக் கொட்டகைவரை பிடித்து நடக்கக் கயிறு கட்ட வேண்டும் என்று எழுதினாள். கடைசியில், வீட்டிலேயே இருக்கலாம் என்றும் எழுதினாள். ஐலா எழுந்து போய்க் கோப்பைகளைக் கழுவினாள். அழுகையை மறைக்கக் குழாய்ச் சத்தம் உதவியது.

திரும்பும்போது பாலத்தின் மேல் காரை மெதுவாக்கிக் கண்ணாடியில் பார்த்தாள். வில்யோ வாசலில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். கார் வளைவில் திரும்பியது. மரங்களுக்கிடையே இன்னொருமுறை வீடு தெரிந்தபோதும் அந்தக் கை இறங்கியிருக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அவர்கள் இன்னும் போய்விடவில்லை, ஆணிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.