அத்தை வீசிய முதல் பந்து

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். இருக்கட்டும். பேஸ்பால் ஆடுகிறவளுக்குக் கோபம் எங்கேயாவது ஓர் இடத்தில் இருந்துதானே ஆக வேண்டும்? மற்ற இடமெல்லாம் எனக்கு அடிபட்டு வீங்கியிருக்கிறது.

எங்கள் காஞ்சிபுரத்தில் பெண்கள் பேஸ்பால் லீக் தொடங்கி இது இரண்டாவது வருடம். மொத்தம் நான்கு அணிகள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு பட்டுக்கடை செலவு செய்கிறது. ஆடுகிறவர்களுக்கு மேட்ச்சுக்கு இவ்வளவு என்று சம்பளம் உண்டு. அந்தத் தைரியத்தில்தான் பேனரில் ‘புரொபஷனல் லீக்’ என்று போட்டுக்கொள்கிறோம். சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள், சிரிப்பீர்கள். நான் காயத்ரி. காலையில் அப்பாவோடு தறியில் உட்காருவேன், சாயங்காலம் ஏனாத்தூர் போகிற வழியில் இருக்கும் மைதானத்துக்கு ஓடுவேன். எங்கள் அணியில் முதலில் மட்டை பிடித்து நிற்பவள் நான்தான்.

தை மாதம் எனக்கு நிச்சயம் ஆனது. மாப்பிள்ளை பெயர் தினகரன். அவருடைய அம்மா துர்காதேவி, ஊரில் பெயர் சொன்னால் தெரிகிற பட்டுக்கடையின் முதலாளி. கல்யாணம் ஆவணியில். பையன் அமைதி, சிரித்தால் அழகு, போனில் பேசினால் நேரம் போவதே தெரியாது. எனக்கு அவரை ரொம்பவே பிடித்துப் போயிற்று. ஒன்றே ஒன்றுதான் தொண்டையில் மாட்டிய முள்ளாக இருந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் ஆட விடுவார்களா?

"எனக்கு ஒண்ணும் இல்ல காயத்ரி. நீ ஆடறது எனக்குப் பெருமைதான்" என்றார் தினகரன். "அம்மாதான். அவங்க பழைய மாதிரி ஆளு. டீமுக்குக் காசு குடுக்கறதே கடை விளம்பரத்துக்குத்தான். மருமக பேண்ட் போட்டுக்கினு கிரவுண்டுல ஓடறதெல்லாம் ஒத்துக்க மாட்டாங்க."

"நான் அத்தைகிட்ட பேசிப் பாக்கட்டுமா?"

"ஐயய்யோ, வேணாம். நேரா கேட்டா அவ்ளோதான். நேரம் பாத்து நானே பேசறேன்."

அந்த நேரம் வரவே இல்லை. மாசி போய்ப் பங்குனி வந்தது, பங்குனியும் போயிற்று. கேட்கும்போதெல்லாம் அம்மாவுக்குத் தலைவலி, அம்மாவுக்குக் கடையில் கூட்டம், அம்மா திருப்பதி போயிருக்கிறார். நான் தறியில் உட்கார்ந்து, இதுதான் என் கடைசி சீசனோ என்று நினைத்து நினைத்து குறுக்கு நூல் சுற்றிய நாடாக்கட்டையை ஓங்கித் தள்ளுவேன். தறி என்ன பாவம் செய்தது என்று அப்பா கேட்பார்.

இந்த நிலைமையில்தான் எங்கள் கோச் ஜினேந்திரன் சார் ஒரு சேதியோடு வந்தார். அவர் ஒரகடத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். கம்பெனி அவரை ஜப்பானுக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. அவர் அங்கே கற்றுக்கொண்டு வந்தது பேஸ்பால்.

"சீசன் ஆரம்பிக்கற அன்னிக்கு அங்க ஒரு பழக்கம் இருக்குதுமா" என்றார். "பெரிய மனுஷங்க யாராவது ஒருத்தர் வந்து முதல் பந்தைப் போடுவாங்க. அது எங்க வேணா போகட்டும். முதல் பேட்டர் மட்டையைச் சுத்தணும், ஆனா அடிக்கக்கூடாது. வேணும்னே விட்டுடணும். வந்தவங்களுக்குச் செய்யற மரியாதை. இந்த வருஷம் நாமும் செய்யறோம்."

"யாரு சார் பந்து போடப் போறது?"

"துர்காதேவி அம்மா. முதல் மேட்ச்சே அவங்க கடை டீமோடதான் நமக்கு. போய்க் கூப்பிட்டேன், உடனே வரேன்னுட்டாங்க."

என் கூட இருந்த ஏஞ்சல் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் மட்டைக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் எங்கள் அணியின் கேட்சர், என் உயிர்த்தோழி, என் மானத்தை வாங்குவதற்கென்றே பிறந்தவள். "மாமியார் பந்தைத் தெரியாம அடிச்சு வெச்சே, ஆயுசுக்கும் உனக்குச் சோத்துல உப்பு இருக்காதுடி" என்றாள்.

அன்றைக்கே தினகரனுக்குப் போன் செய்தேன்.

"அம்மாவா? யாரு கூப்ட்டது அவங்கள? என்னைக் கேக்காம எப்படி?" என்றார். குரல் காய்ந்துபோயிருந்தது. எனக்காகத்தான் இப்படிப் பயப்படுகிறார், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் பயிற்சி எடுத்ததெல்லாம் அடிக்காமல் விடுவதற்கு. வேடிக்கை என்னவென்றால் அது அடிப்பதைவிடக் கஷ்டம். பந்தைப் பார்த்தால் கை தானாகப் போகும். ஏஞ்சல் மெதுவாக வீசுவாள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு காற்றை அடிப்பேன். அத்தைக்கு முன்னால் அடக்கமாக நின்று, அழகாக ஒரு சுற்றுச் சுற்றி, கையைக் கூப்ப வேண்டும். இந்த மரியாதையைப் பார்த்து அவர் மனம் இளகினால் எனக்கு அடுத்த சீசன் உண்டு. என் கணக்கு அவ்வளவுதான்.

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை, மைதானம் நிறைந்துவிட்டது. சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, மோர்ப் பந்தல் என்று கல்யாண வீடு மாதிரி இருந்தது. மட்டைகளையும் கையுறைகளையும் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டினோம். ஜினேந்திரன் சார், "ஜப்பான்ல இதெல்லாம் கிடையாதுமா" என்று முனகினார். பூசணிக்காய் உடைத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஏஞ்சல். "ஜப்பான்ல கண்ணு வெக்க மாட்டாங்களா சார்?" என்று அவள் கேட்டதும் அவரே பூசணிக்காயைத் தூக்கிக் கொடுத்தார்.

துர்காதேவி அத்தை காரை விட்டு இறங்கினார். மாம்பழ நிறப் பட்டு, அரக்கு பார்டர். கூடவே தினகரன், ஊசி போடப் போகிற பிள்ளையின் முகத்தோடு. அத்தை எல்லாருக்கும் வணக்கம் சொன்னார், பந்தைக் கையில் வாங்கினார், சந்தனக் கிண்ணத்தில் விரலை விட்டு அந்தப் பந்துக்குத் தாராளமாகப் பூசினார். செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பிட்சர் நிற்கும் மண்மேட்டில் ஏறி நின்றார். கூட்டம் விசில் அடித்தது.

மைக் பிடித்து அறிவிப்புச் செய்துகொண்டிருந்த சார், எனக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். நான் மட்டையைத் தூக்கினேன்.

அத்தை வீசினார். பந்து ஊர்வலம் போவதுபோல வந்தது. நான் அழகாகச் சுற்றினேன், அழகாக விட்டேன், கையைக் கூப்பினேன். கைதட்டல் காதைப் பிளந்தது. சாருக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. மேட்டைவிட்டு இறங்கி நேராக என்னை நோக்கி நடந்து வந்தார்.

"ஏம்மா, நான் போட்ட பந்து பாதி வழியிலதான் வந்துக்கினு இருந்துச்சு. அதுக்குள்ள நீ சுத்தி முடிச்சிட்டே. வேணும்னே விட்டியா?"

சார்தான் குறுக்கே வந்து ஜப்பான் பழக்கத்தை விளக்கினார். மரியாதைங்கம்மா, மரியாதைங்கம்மா என்று நான்கு தடவை சொன்னார்.

"நல்லா இருக்குதே உங்க மரியாதை!" என்றார் அத்தை. "பொழுது விடிஞ்சா பொழுது போனா கடையில என்னைச் சுத்தி எல்லாரும் ஆமாங்கம்மா, சரிங்கம்மாதான். இங்க வந்தும் அதேவா? எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு என் எதிர்லயே நடிக்கிறாளே. பந்தைக் குடுங்க. இன்னொரு தடவை போடறேன். இப்ப அடி பாக்கலாம்."

கூட்டத்துக்குக் குஷி பிடித்துக்கொண்டது. "போடுங்கம்மா, போடுங்க!" என்று கத்தினார்கள். சாமியானாவில் தினகரன் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கேட்டது அவர்தானே? அடித்துவிட வேண்டியதுதான். பாலாறு வரைக்கும் போகட்டும்.

அத்தை இந்த முறை கையை நன்றாகப் பின்னால் கொண்டுபோய் வீசினார். ஆனால் சந்தனம் காயாத பந்து விரலில் வழுக்கி, முன்னால் வராமல் மேலே கிளம்பிவிட்டது. என் தலைக்கு மேலே போகப்போகிறது என்று நினைத்தேன். அது என்னவோ மனம் மாறியதுபோல நேரே என் முழங்காலுக்கு இறங்கியது. முழு பலத்தையும் திரட்டிச் சுற்றினேன். மட்டையில் ஒன்றும் படவில்லை. சுற்றிய வேகத்தில் நானே ஒரு சுற்றுச் சுற்றி, புழுதியில் பொத்தென்று உட்கார்ந்தேன். ஊரே சிரித்தது. எங்கள் அணி உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து ஏஞ்சல் சிரித்த சிரிப்புத்தான் எல்லாவற்றிலும் பெரியது.

"மறுபடியும் நடிப்பா?" என்றார் அத்தை. அவர் முகம் சுருங்கிவிட்டது.

மூக்கு நுனியில் இருந்தது உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்தேன்.

"சத்தியமா நடிக்கல அத்தை! இது நெஜமாவே விட்டேன்! நீங்க போட்ட பந்து ஒரு பந்தா அது? மேல போயி கீழ வருது! கல்யாணத்துக்கு அப்புறம் நீங்க என்னை ஆட விடமாட்டீங்க, எனக்குத் தெரியும். அதுக்காகத்தான் மொதல்ல அடிக்காம விட்டேன், நீங்க சந்தோஷப்பட்டு மனசு மாறுவீங்கன்னு. அது தப்புதான். ஆனா இப்ப விட்டது என் கையாலாகாத்தனம், நடிப்பு இல்ல!"

சார் கையிலிருந்த மைக் அணையாமல் இருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் குரல் நான்கு ஒலிபெருக்கிகளிலும் போய்த் திரும்பி வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

அத்தை என் சிவந்த முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். "சரி, இது நெஜம்தான். நம்பறேன்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "ஆட விடமாட்டேன்னு உனக்கு யாரு சொன்னது?"

என் கண்தான் பாழாய்ப்போன கண், சாமியானா பக்கம் போய்விட்டது. அத்தையும் அங்கே திரும்பினார்.

"தினாவா சொன்னான்? நான் ஒத்துக்க மாட்டேன்னா?" என்றார். "நிச்சயத்தன்னிக்கே கேட்டேனேமா அவன்கிட்ட, பொண்ணும் நம்ம லீக்லதான் ஆடுதாமே, எப்ப மேட்ச், போயிப் பாக்கலாம்னு. அவன் என்ன சொன்னான் தெரியுமா? கல்யாணத்தோட அதெல்லாம் விட்டுடறேன்னு அவளே சொல்லிட்டாம்மா, நீ ஒண்ணும் கேக்காதேன்னான்."

சார் பதறிப்போய் மைக்கின் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தார். அத்தை பெயரைச் சொல்லி என்னையும், என் பெயரைச் சொல்லி அத்தையையும் மூன்று மாதமாக ஒருவர் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார். அந்த அழகான சிரிப்பு, போன் பேச்சு எல்லாம் நினைவுக்கு வந்தன. வலித்தது. ரொம்ப வலித்தது.

தினகரன் ஓடி வந்தார். "காயத்ரி, இங்க வேணாம். வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்."

"இங்கயே சொல்லுங்க" என்றேன். "அத்தைக்குப் பிடிக்குதான்னு கேக்கல. உங்களுக்கு நான் ஆடறது பிடிக்குதா?"

அவர் அம்மாவைப் பார்த்தார். அத்தை கையைக் கட்டிக்கொண்டு, "என்னை எதுக்குப் பாக்கறே? கேட்டது அவ" என்றார்.

"பிடிக்கல" என்றார் தினகரன். "நாலு பேர் சிரிக்க நீ கீழ விழறதை என்னால பாக்க முடியல. சொன்னா என்னையே வேணாம்னு சொல்லிடுவியோன்னு பயம். அதான் அம்மா பேரைச் சொன்னேன்."

நிச்சயம் ஆனதிலிருந்து அவர் என்னிடம் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று எனக்குத் தோன்றியது. அதனாலேயே அவரை ஒரேயடியாக வெறுக்கவும் முடியவில்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அத்தை, ஆவணித் தேதியை நிறுத்தி வையுங்க" என்றேன். "சீசன் முடியட்டும். இவர் எல்லா மேட்ச்சுக்கும் வந்து பாக்கட்டும். நான் விழறதையும் பாக்கட்டும், எழுந்துக்கறதையும் பாக்கட்டும். அப்பவும் பிடிக்கலைன்னா அவர் வாயாலேயே என்கிட்ட சொல்லட்டும். பிடிச்சாலும் அவரே சொல்லட்டும். எனக்கு அவர் வேணுமான்னு அப்புறம் நான் சொல்றேன்."

அத்தை மகனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும், பெற்ற பிள்ளை அல்லவா. பிறகு இடுப்பில் செருகிய முந்தானையை எடுத்து உதறிக்கொண்டார்.

"மண்டபத்துக்காரன்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். "உங்க அப்பாகிட்டயும் நானே வந்து சொல்றேன். நீ ஆடு."

அவர் போய்ச் சாமியானாவில் முன்வரிசையில் உட்கார்ந்தார். எதிரணியின் பிட்சர் மேட்டில் ஏறி, புதுப் பந்தைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். நடுவர் ஆட்டத்தைத் தொடங்கச் சொன்னார். புழுதியைத் தட்டிவிட்டுக்கொண்டு மட்டையை எடுத்தேன்.

அத்தைக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. தினகரன் அங்கே போகவில்லை. கம்பி வேலியோரம் வெயிலில் தனியாக வந்து நின்று, முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

அதற்குள் பிட்சர் கையைத் தூக்கிவிட்டாள். எனக்கு அவரைப் பார்க்க நேரமில்லை.