ஐந்து முயல் பாட்டில்கள்

மூன்று வாரத்தில் ஐந்து தண்ணீர் பாட்டில்கள் தொலைந்துவிட்டன. என் மகள் பவ்யா காலையில் பாட்டிலோடு போவாள், மாலையில் பாட்டில் இல்லாமல் வருவாள். டிபன் பாக்ஸ் வரும், சீப்பு வரும், கைக்குட்டைகூட வரும். அவளுக்குப் பதினேழு வயது. மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவள். பேச்சு நாலைந்து சொல்தான். கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் எரிந்துபோன மோட்டார்களுக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டுகிறவன். கோளாறை வரிசையாகத் தேடித்தான் பழக்கம். முதலில் பையைப் பார்த்தேன். பாட்டில் வைக்கும் இடத்தில் எலாஸ்டிக் இறுக்கமாகவே இருந்தது. பிறகு அவளைக் கூட்டிப்போகும் வேன் டிரைவர் அப்பாவுவைக் கேட்டேன்.

"எறங்கசொல்ல கையிலதான் வச்சிகினு போவுது அண்ணாத்தே."

அப்படியானால் கோளாறு கொரட்டூரில் அவள் போகும் பயிற்சி மையத்துக்குள்ளேதான். ஒவ்வொரு முறையும் முயல் படம் போட்ட அதே இளஞ்சிவப்பு பாட்டிலையே வாங்கினேன். இந்தப் பிள்ளைகளுக்குப் பழகிய பொருளை மாற்றக்கூடாது என்று மையத்தில் சொல்லியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மையத்தின் பொறுப்பாளர் சுரேகா போனில் கூப்பிட்டார். கழிவறைக்குப் பின்னாலிருக்கும் சாக்கடைத் தொட்டி அடைத்துக்கொண்டதாம். போனேன். ஆயா முத்தம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார்.

"உள்ள கெடக்குற அஞ்சு பாட்டிலும் உன் பொண்ணுதுதான் நைனா. நீயே எட்து. எனக்குக் கொமட்டுது."

முழங்கை வரை கையை விட்டு எடுத்தேன். வழவழவென்று ஏதோ ஒட்டியிருந்தது. ஒரு மூடியைத் திறந்ததும் வந்த நாற்றத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குழாயடியில் கழுவியபோதுதான் பார்த்தேன்: ஐந்திலும் முயலின் முகம் மட்டும் சுரண்டப்பட்டிருந்தது.

"இன்னொரு பாட்டில் இதுல விழுந்தா பவ்யாவைச் சின்னப் பிள்ளைங்க ரூமுக்கு மாத்திடுவேன் சார்" என்றார் சுரேகா.

கூடத்தில் குழந்தைப் பாட்டு ஒலித்தது. எட்டிப் பார்த்தேன். மீசை முளைத்த பையன்களும் வளர்ந்த பெண்களும் தலையில் காகித முயல் காதுகளோடு வட்டமாக உட்கார்ந்து கைதட்டினார்கள். பவ்யா தட்டவில்லை. பயிற்சியாளர் அவள் கன்னத்தைக் கிள்ளி, "தட்டு செல்லம்" என்றார். மாதவிலக்கு நாட்களில் தன் நாப்கினைத் தானே மாற்றிக்கொள்ளும் பெண் அவள். அந்த நாறிய பாட்டிலின் மூடியைத் திறந்தபோது என் முகம் எப்படிப் போயிருக்குமோ, அப்படி இருந்தது அவள் முகம்.

"வளந்த பிள்ளைங்களுக்கு இதுவா மேடம்?"

"வயசுதான் சார் பதினேழு. மனசு நாலுதானே."

என் பையில் ஆறாவது முயல் பாட்டில் இருந்தது.

மோட்டார் ஏன் எரிந்தது என்று பார்க்காமல் அதே காயிலைக் கட்டினால், திரும்பவும் எரியும். தொழிலுக்கு வந்த முதல் மாதமே கற்றது. ஐந்து முறை அதையேதான் செய்திருக்கிறேன். எத்தனை சோப்பு போட்டும் கையிலிருந்து நாற்றம் போகவில்லை. அது சாக்கடையுடையது மட்டும்தானா என்று தோன்றியது.

"திங்கக்கெழம வேற பாட்டில் கொண்டாருவா" என்றேன். "அந்தக் காதை மட்டும் அவளுக்கு மாட்டாதீங்க. கைதட்டுற நேரத்துல ஹெட்போன்ல சினிமா பாட்டு கேக்கட்டும். ஊட்டுல அவளே தேடி எடுத்து கேக்குறது அதான்."

"ஒரு மாசம் பாப்போம் சார். பாட்டில் ஒழுங்கா வீட்டுக்கு வரணும்."

மறுநாள் அவளைப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் எதிரிலுள்ள பாத்திரக் கடைக்குக் கூட்டிப்போனேன்.

"பாப்பாவுக்கா? இந்தா, பொம்ம போட்டது கீது" என்று கடைக்காரர் ஒன்றை நீட்டினார்.

"வாணாம்" என்று பவ்யா அவர் கையைத் தள்ளினாள்.

"கோவத்தப் பாரு பாப்பாவுக்கு."

"பாப்பா இல்ல. காலேஜ் போற வயசு" என்றேன்.

அவள் அதற்குள் அடுத்த அலமாரிக்குப் போயிருந்தாள். நான் எதையும் எடுத்துக் காட்டவில்லை. நாலைந்தைத் தூக்கிப் பார்த்தாள். மூடியைத் திருகிப் பார்த்தாள்.

"இது" என்றாள்.

படமே இல்லாத கறுப்பு ஸ்டீல் பாட்டில், அவளே எடுத்தது. இருபத்தாறு நாளாக அது தினமும் வீட்டுக்குத் திரும்பி வருகிறது.