கூடப் போகாத அக்கா

அந்தத் தையல் ஆலைச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதலாளியையோ, ஓட்டுக் கேட்கும் பெரிய மனிதரையோ பார்க்கப் போனால் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். திரும்பி வந்ததும் கூட்டத்தில் முதலில் வாய் திறப்பவர் செயலாளர் அல்ல, கூடப் போனவர். செயலாளர் கண், காது, மூக்கு வைத்துப் பேசிவிடக் கூடாது பாருங்கள், அதற்காக.

செயலாளர் அங்கே சட்டைகளுக்குப் பட்டன் துளை போட்டுக் காஜா எடுக்கும் காஜாக்காவின் தம்பிதான். அன்று காலையில் இஸ்திரிக்காரர் அவள் காதில் ஒன்றைப் போட்டார்.

"உன் தம்பி வேட்பாளர் வீட்டுப் பின்வாசல் வழியா வெளிய வந்தான். தனியா."

"நல்லாப் பாத்தீங்களாண்ணே?"

"என் கண்ணு நீராவியில வெந்ததுதான். அவன் நடை தெரியாதா எனக்கு? புது மாப்பிள்ளை மாதிரி வந்தான்."

தேர்தலுக்குப் பத்து நாள் இருந்தது. எட்டு மணி நேர வேலையைப் பன்னிரண்டாக்கச் சட்டம் வரப்போவதாகப் பேச்சு. அதை எதிர்ப்பேன் என்று எழுதித் தருகிறவருக்கே ஓட்டு, அதுவரை யாருக்கும் பிடி கொடுப்பதில்லை என்று சங்கம் முடிவு செய்திருந்தது. மீறிச் சட்டம் வந்தால் வேலைநிறுத்தம். காஜாக்கா வீட்டில் கணவர் படுத்த படுக்கை. எட்டு மணி நேரம் முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போய்த் திருப்பிப் படுக்க வைத்துத் துடைத்துவிடுவாள். பன்னிரண்டு என்றால் அந்த மனிதர் நனைந்த துணியிலேயே கிடக்க வேண்டியதுதான்.

தேநீர் இடைவேளையில் தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, கூட்டத்துல நீதான் கூட வந்தேன்னு சொல்லிடு."

"நான் எங்கடா வந்தேன்?"

"ரெண்டு பேரைப் பாக்க மாட்டேன்னுட்டாரு. நான் என்ன பண்ண? இதைப் பாரு, எழுதியே குடுத்துட்டாரு."

அவன் நீட்டிய தாளில், சட்டத்தை எதிர்த்து வாக்களிப்பேன் என்று இருந்தது. கையெழுத்து, தேதி, ஒன்றிலும் குறையில்லை. அதுதான் அவளை உறுத்தியது. மூன்று மாதமாக எழுதித் தராமல் நழுவியவர் எதைக் கண்டு இப்படி இறங்கி வந்தார்?

"நீ என்னடா குடுத்த?"

"நான் என்னத்தைக் குடுக்க? டீ ஆறுது, குடி."

அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

வேலை முடிந்து சங்க அறையில் கூடினார்கள். "கூடப் போனது யாரு?" என்று தலைவரான கட்டிங் மாஸ்டர் கேட்டார். காஜாக்கா எழுந்தாள்.

"என்னைச் சொல்லச் சொன்னான். நான் போகல. யாருமே போகல."

"அக்கா!"

"கத்தாத. பதிலுக்கு நீ என்ன குடுத்தேன்னு இவங்ககிட்ட சொல்லு."

தம்பி பெஞ்சிலிருந்து எழுந்தான்.

"ஒரு வருஷத்துக்கு வேலைநிறுத்தம் பண்ண மாட்டோம்னு எழுதினேன். காசு வாங்கல, சத்தியமா. சட்டமே வராதப்ப நிறுத்தம் எதுக்குன்னு நெனச்சேன்."

"ஜெயிச்சிட்டு அவரு மாறிட்டா?" பட்டன் தைக்கிறவள் பின்னாலிருந்து கேட்டாள். "வாயில விரலை வச்சிக்கிட்டு நிக்கவா? உங்க வீட்டுச் சொத்தா தம்பி, எழுதிக் குடுக்க?"

எழுதிக் கொடுத்ததை அவனே திருப்பி வாங்கி வர வேண்டும், காஜாக்கா கூடப் போக வேண்டும் என்று முடிவாயிற்று.

மறுநாள் காலை வேட்பாளர் வீட்டு வாசலில் உதவியாளர் வழிமறித்தார். "ஐயா செயலாளரை மட்டும் வரச் சொன்னாரு. அம்மா வெளிய நிக்கட்டும்."

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளேயிருந்து குளிர்காற்று வந்தது. தம்பி கதவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

அவன் படிக்கட்டில் உட்கார்ந்தான். "ரெண்டு பேரா வந்திருக்கோம்னு சொல்லுங்க. எவ்வளவு நேரமானாலும் இருக்கோம்."

காஜாக்காவும் உட்கார்ந்தாள். ஒட்டி அல்ல, ஒரு முழம் தள்ளி, எழுதிக் கொடுத்தவனின் இரண்டு கைகளும் தெரிகிற இடமாகப் பார்த்து.