முதலில் இதைக் குடி

'இந்த அத்தியாயத்தில் முதலில் இதை விளக்குவேன், பிறகு அதை விளக்குவேன்.' கிருஷாந்தி மறுபடியும் அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்தாள். போன மாதம் பேராசிரியர் சிவப்பு மையால் அடித்ததும் இதே வாக்கியத்தைத்தான். "வாசிக்கிற ஆள் என்ன குழந்தைப்பிள்ளையே, கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறதுக்கு?" என்று அந்த யாழ்ப்பாணத்து மனிதர் கேட்டிருந்தார். எடுத்துவிட்டு அனுப்பினால், லண்டனில் இருக்கும் இணை மேற்பார்வையாளர் எழுதுகிறார்: 'என்னை எங்கே அழைத்துப் போகிறாய்? வாசலிலேயே சொல்லிவிடு.' நாளை வெள்ளிக்கிழமை. நாளைக்குள் இருவரும் ஆய்வேட்டில் கையெழுத்து வைக்காவிட்டால் அவளுடைய விரிவுரையாளர் வேலை போய்விடும். வேடிக்கை என்னவென்றால், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதும் அறிஞர்கள் வாசகரை எப்படி வழிநடத்துகிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆய்வே. ஊருக்கெல்லாம் வழி சொல்லக் கிளம்பியவள், பேராதனை வாடகை அறையில் வழி தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நாவலப்பிட்டித் தேயிலைத் தோட்டத்திலிருந்து அம்மா ஜெயராணி போன் எடுத்தாள். பக்கத்து வீட்டு வடிவம்மாவின் ஆடு குட்டி போட்டதாம். காற்றில் கூரைத் தகரம் பிய்ந்துகொண்டதாம். கோயிலுக்குப் புது மணி வந்திருக்கிறதாம். கிருஷாந்தியின் கண் திரையிலேயே இருந்தது.

"அம்மா, என்ன விசயம்னு மொதல்ல சொல்லுங்க. எனக்கு நேரமில்ல."

"ஒண்ணுமில்ல புள்ள. சும்மாதான் எடுத்தேன். நீ வேலையப் பாரு."

போன் வைக்கப்பட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவர்கள் வீட்டில் வந்தவர் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை கெட்ட செய்தி சொல்லமாட்டார்கள். மாமா இறந்த அன்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவளுக்கு இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்து, கோப்பை காலியான பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள். இன்றைக்கு அந்த ஆடும் தகரமும் கோயில் மணியும்தான் அம்மா போனில் ஊற்றிய தேத்தண்ணி. சொல்ல வந்ததைக் கடைசிக்கு வைக்கும் தமிழ் வழக்கத்தைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதியவள், அந்தக் கோப்பையைத் தட்டிவிட்டிருந்தாள். தன்மீதே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

திரும்ப அழைத்தாள். அம்மா எடுக்கவில்லை. அப்பாவுடைய போன் அடித்து அடித்து ஓய்ந்தது. வீட்டுக்குப் போனால் நாளைய கையெழுத்து போச்சு. இருந்தால் இந்த அறையில் மூச்சு முட்டும். மடிக்கணினியைப் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து அதைத் திறந்தும் பார்த்தாள். ஓர் எழுத்தும் ஓடவில்லை.

லயத்து வீட்டு வரிசையில் தன் வாசலில் நின்ற வடிவம்மா அவளைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். அப்பாவின் செருப்பு வழக்கமான இடத்தில் இல்லை. அவர் உட்காரும் கதிரையில் துவைத்த துணிகள் குவிந்திருந்தன.

"அப்பா எங்கம்மா?"

அம்மா அடுப்படியிலிருந்து கோப்பையோடு வந்தாள். இஞ்சி மணத்தது.

"உக்காரு புள்ள. மொதல்ல இதைக் குடி."

தோளில் பை தொங்கியபடியே கிருஷாந்தி கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினாள். உள்ளங்கை சுட்டது. அம்மாவின் கண் கோப்பையை விட்டு அகலவில்லை. உதடுவரை கொண்டுபோனவள், குடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.