மூன்றாவது கிண்ணம்

"தரையைப் பெருக்கக் கூடாதாம். இன்னைக்கும் கூடாதாம், நாளைக்கும் கூடாதாம்." அம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். "அப்புறம் எதுக்கு ஜோபி எனக்குச் சம்பளம் குடுக்காரு? என் மூஞ்சியப் பாக்கவா?"

"எங்க சீனப் புது வருஷத்துல பெருக்கினா வர்ற நல்லது வெளிய போயிரும் லா, குருவம்மா," என்று மே லிங் ஆன்ட்டி சிரித்தார். "குப்பையோட இருங்க. ரெஸ்ட் எடுங்க."

ஆன்ட்டி மலேசியாவின் பினாங்கிலிருந்து மகன் ஜுன் வெய்யோடு வந்திருந்தார். ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்த சீனப் பெண்மணி அவர். மகனுக்குத் தமிழ் வராது. போடிமெட்டில் ஜோபி சேட்டனின் இந்தத் தங்கும் விடுதிக்கு அவர்கள் வருவது இரண்டாம் முறை. முதல்முறை அவருடைய கணவர் டானும் வந்திருந்தார். அன்று தலைவலி என்று ஆன்ட்டி அறையிலேயே படுத்துவிட, மகன் துணைக்கு இருந்தான். டான் மட்டும் ஜீப்பில் மலை பார்க்கக் கிளம்பினார். பனிமூட்டத்தில் கீழ் வளைவில் ஜீப் உருண்டது. அதை ஓட்டியவர் என் அப்பா பொன்ராஜ். இரண்டு பேருமே பிழைக்கவில்லை.

அதற்காக ஆன்ட்டி எங்களை ஒரு சொல் கடிந்ததில்லை. வந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சாயங்காலம் மேசை போட்டோம். வாசலில் சிவப்புத்தாள் ஒட்டியிருந்தது. முழு மீன், கோழி, நூடுல்ஸ், ஆரஞ்சுப் பழம். ஆள் இரண்டு, கிண்ணம் மூன்று. மூன்றாவது கிண்ணத்துச் சோற்றில் நான் சாப்பிடும் குச்சிகளைச் செருகப் போனேன்.

"ஐயோ, குத்தி வைக்காத தங்கச்சி! அது பொணத்துக்கு. பக்கத்துல படுக்க வை. அவர் செத்தவரா இல்ல, வீட்டு ஆளா வந்து சாப்பிடணும்."

வருஷத்தின் கடைசி நாள் சாப்பாட்டுக்குக் குடும்பத்தில் எல்லாரும் வந்தாக வேண்டும், இறந்தவர்களும்தான் என்றார். வந்தார்களா, சாப்பிட்டார்களா என்று இரண்டு காசு போட்டுக் கேட்பார்களாம். ஒன்று பூ, ஒன்று தலை விழுந்தால் ஆமாம். இரண்டும் ஒரே மாதிரி விழுந்தால் இல்லை.

"சாம்பலைப் பினாங்குக்குக் கொண்டுபோயிட்டேன். ஆனா ஊட்டுல எப்போ கேட்டாலும் இல்ல, இல்லன்னே விழுது. அவர் இங்கயே நிக்கிறார் தங்கச்சி. வீட்டுச் சோத்துக்கு வராதவங்க அப்புறம் ரோட்டுல பசியோட அலைவாங்க. இன்னைக்கு எப்படியும் கூட்டிட்டுப் போயிரணும்."

காசு போட்டார். பூ, பூ. மறுபடி போட்டார். தலை, தலை. ஜுன் வெய் ஏதோ முணுமுணுத்தான். ஆன்ட்டி காசுகளைக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டார். 

அவர் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும்.

விபத்துக்குப் பிறகு இருட்டும் நேரத்தில் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்கும். இரண்டு விதமாகக் கேட்கும். ஒன்று, உள்ளங்கையால் தட்டுகிற சத்தம். அப்பா அப்படித்தான் தட்டுவார். இன்னொன்று விரல் முட்டியால் மெதுவாக, தொந்தரவு செய்கிறோமோ என்பது போல. எனக்கு வந்த காய்ச்சல் இறங்கவே இல்லை. பள்ளிக்கூடம் நின்றது அப்போதுதான். அம்மா பயந்துபோய் போடியிலிருந்து பேயோட்டும் கோடாங்கி ஒருவரை அழைத்து வந்தாள். அவர் உடுக்கை அடித்து, கீழ் வளைவில் இருக்கும் சில்வர் ஓக் மரத்தில் ஒரு ஆணி அறைந்தார். அங்கே செத்தவர்கள் யாரும் அந்த மரத்தைத் தாண்டி மேலே வர முடியாது என்றார். தட்டுவது நின்றது. காய்ச்சலும் நின்றது.

சாமான் அறையிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பனி இடுப்புவரை கிடந்தது. ஆணி மரத்துக்குள் பாதி புதைந்து, சுற்றிலும் பட்டை வளர்ந்திருந்தது. நெம்ப வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். கை வைத்ததும் வந்துவிட்டது. அந்தக் குளிரில் அது சூடாக இருந்தது, அதுவரை யாரோ கையில் பிடித்திருந்த மாதிரி.

திரும்பிப் பார்க்காமல் மேலே ஏறினேன். எனக்குப் பின்னால் சரளைக்கல் நொறுங்கியது.

ஆன்ட்டியும் மகனும் ஊதுபத்தியோடு முற்றத்து ஓரத்தில் நின்று, பள்ளத்தைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா அவர்களுக்குக் குடை பிடித்திருந்தாள். உள்ளே யாரும் இல்லை. கதவு திறந்து கிடந்தது. அந்தப் பக்கமாகப் பனி நகர்ந்து உள்ளே போனது.

ஊதுபத்தி எரிந்து முடிந்தபின் எல்லாரும் உள்ளே போனோம். ஆன்ட்டி காசைப் போட்டார். பூ, தலை.

அவர் அப்படியே நாற்காலியில் சரிந்து அழுதார். ஜுன் வெய் முதல்முறையாக தன் அம்மாவைக் கட்டிப் பிடித்தான். "சாப்பிட்டுட்டார். பாரு, கிண்ணத்தைப் பாரு," என்றார் ஆன்ட்டி.

பார்த்தேன். குச்சிகள் வைத்தது வைத்தபடி இருந்தன. சோற்றின் நடுவில் ஒரு குழி. மீன் சாறு அதில் தேங்கியிருந்தது. குழியின் ஓரத்தில் மூன்று விரல் பதிந்திருந்தது.

அப்பா எந்தச் சோற்றிலும் முதலில் குழி பறிப்பார். அதில்தான் குழம்பு ஊற்ற வேண்டும். சுண்டுவிரலும் மோதிர விரலும் தேயிலை ஃபேக்டரி ரோலரில் போனபிறகுதான் அவர் ஜீப் ஓட்ட வந்தார்.

சொல்லிவிட வாய் திறந்தேன். ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன்.

மேசையை எடுக்கும்போது அம்மா அந்தக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தன் மூன்று விரலை அந்தப் பதிவில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆணியப் பிடுங்கிட்டியாடி?"

தலையாட்டினேன். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"செத்த பெறகு நாம அந்த மனுசனுக்கு ஒரு வாய் சோறு வைக்கல," என்றாள். அவ்வளவுதான்.

காலையில் கார் வந்தது. ஆன்ட்டி அந்தக் கிண்ணத்தைச் சிவப்புத் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டார். வளைவு, பாலம் எது வந்தாலும் சொல்லிக்கொண்டே போக வேண்டுமாம், இல்லையென்றால் கூட வருகிறவர் வழி தவறிவிடுவாராம். கார் இறங்கும்போது அவர் குரல் கேட்டது. நாங்கள் கேட்கட்டும் என்றோ என்னவோ, தமிழிலேயே சொன்னார்: "வளைவு வருது, கெட்டியா பிடிச்சுக்கோங்க."

பின் சீட்டில் ஆன்ட்டி, முன்னால் ஜுன் வெய். ஆனால் டிரைவருக்குப் பின்னால், ஆள் இல்லாத பக்கத்துக் கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்திருந்தது. அதில் மூன்று விரல் இழுத்த கோடு.

"ஒரு நாளும் பிளேன் ஏறுனதில்ல அந்த மனுசன்," என்றாள் அம்மா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். லயத்துக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. உள்ளங்கை இல்லை. விரல் முட்டியால், மெதுவாக, ஒரு இடைவெளி விட்டு மறுபடியும்.

நான் கைபேசியை எடுத்தேன். ஆன்ட்டியின் நம்பர் இருந்தது.

"என்னன்னு சொல்லுவ?" என்றாள் அம்மா. "உங்க புருசன விட்டுட்டு என் புருசனக் கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னா?"

கைபேசியைக் கீழே வைத்தேன். மறுபடி தட்டும் சத்தம். இந்த முறை இன்னும் மெதுவாக.

அம்மாவின் கண் ஜன்னல் கட்டைக்குப் போனது. ஆணியை அங்கேதான் வைத்திருந்தேன். அதை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் உருட்டினாள். பிறகு அடுப்புக்குள் போட்டாள்.

"நாற்காலி இல்லியேடி," என்றபடி மணைப்பலகையைத் துடைத்துப் போட்டாள். "பாவம், அந்த ஆளுக்குக் கீழ உக்காந்து பழக்கம் இருக்குமோ என்னமோ."

நான் கிண்ணத்தில் சோறு போட்டேன். ஆன்ட்டி விட்டுப்போன குச்சிகளை அதன் பக்கத்தில் படுக்க வைத்தேன். பிறகு போய்க் கதவைத் திறந்தேன்.