டப்பாத் தண்ணீரில் அலசிய கண்ணாடி

அஜய்க்கு வயது இருபத்துமூன்று. போளூர்க்காரன். உத்திரமேரூரில் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டு, மில்லுக்குப் பின்னாலேயே தங்கியிருக்கிறான். கடைவாய்ப்பல் சீழ் வைத்து நாலு நாளாகிறது. கன்னம் பன்னு மாதிரி வீங்கிவிட்டது, கஞ்சிகூட இறங்கவில்லை. பல்லைப் பிடுங்கினால்தான் வேலைக்குப் போக முடியும்.

உள்ளூர்ப் பல் டாக்டர் பாண்டுரங்கனிடம் வந்திருந்தான். அங்கே நாற்காலியிலிருந்து ஒரு பெரியவர் வெற்றிலைச் சிவப்பாய்த் துப்பிவிட்டு இறங்கினார். உதவிக்கு நின்ற ஷாரோன், அவர் வாய்க்குள் போய்வந்த குட்டிக் கண்ணாடியை ஒரு டப்பாத் தண்ணீரில் முக்கி, துணியில் துடைத்துத் தட்டில் வைத்தாள். தண்ணீரில் பாக்குத் துணுக்கு மிதந்தது.

"ஏறி உக்காரு. வாயத் தொற" என்றார் டாக்டர்.

எந்த டாக்டரிடமும் மறைக்காதே என்று மாத்திரை கொடுக்கும் இடத்தில் சொல்லியிருந்தார்கள்.

"சார், எனக்கு எச்.ஐ.வி. கீது. பொறந்ததுலேர்ந்து. மாத்திரை ஒருநாள் வுட்டதில்ல. இப்ப டெஸ்ட்ல கிருமியே காட்லனு..."

டாக்டர் துள்ளியதில் ஸ்டூல் உருண்டது.

"டேய், ஏறி உக்காந்துட்டா சொல்லுவ? எறங்கு! ஷாரோன், தட்டோட எடுத்து மெஷின்ல போட்டுச் சுடு!"

"இன்னும் அவரு வாயிலயே வெக்கலியே சார்."

"போடுன்னா போடும்மா!"

நீராவியில் சுடும் மெஷின் மூலையில் இருந்தது. அதன்மேல் இருந்த டிபன் கேரியரை ஷாரோன் இறக்கினாள். உறையிலிருந்து தூசி பறந்தது.

"அப்ப மத்தவங்களுக்கு இத்த சுடறதே இல்லியா சார்?"

"அவங்கல்லாம் குடும்பஸ்தங்கடா. மூஞ்சப் பாத்தாலே தெரியும்."

"என் மூஞ்சப் பாத்து தெரிலியே சார்."

"வெளிய போடா!"

வெளியே பெஞ்சில் இருந்த லீலாவதியம்மாளுக்கு எல்லாம் கேட்டிருந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினாள்.

"யம்மா, கண்ணாடிய சுட்டாங்களானு கேட்டுக்கினு வாயத் தொறங்க."

"த்தூ, அந்தாண்ட போ! எனுக்குச் சொல்ல வந்துட்டான் பாரு, நாத்தம் புடிச்சவன்."

அவள் உள்ளே போனாள். ஷாரோன் அதே டப்பாவிலிருந்து வேறொரு கண்ணாடியை எடுத்து உதறினாள். அந்தம்மாள் ஆவென்று வாயைத் திறந்தாள்.

அஜய் சாக்கடையோரம் நின்று காறித் துப்பினான். சீழும் கசப்பும் வந்தன. வலி காதுவரை ஏறியது. போனில் மைக்கை அழுத்தி, வீட்டுக் குரூப்பில் பேசினான். பேச்சு எழுத்தாய் விழுந்தது.

"உண்மைய சொன்னேன், பல்லப் புடுங்க மாட்டன்னுட்டாங்க. நாளைக்கு காஞ்சிபுரம் கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போறேன். அங்கயும் சொல்லத்தான் போறேன். தனியா போக பயமா கீது. யாரு இத்த படிக்கிறீங்களோ, ஒருத்தராவது காலைல கூட வாங்க."